மூச்சு வாங்குவோர் பக்கத்தில் இருத்தல்

(திருச்செந்தூரில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தாதியாகிய ஓர் அங்கத்தினர் நிகழ்த்திய உபந்நியாசம்)



சுவாசக் கஷ்டமுற்ற நோயாளருக்குச் செய்யவேண்டிய பணிவிடையைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். மருந்து இன்னது, அதன் அளவு இன்னது என்று கூறுவது வைத்தியர் கடமை. அதில் யான் பிரவேசிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாதியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தவளாதலின், நோயாளியின் கட்டிலருகே நிற்பவர் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதையே சொல்ல விரும்புகிறேன். ஆஸ்பத்திரியில் தாதி நிற்கிறாள். வீட்டில் நீங்கள் நிற்கிறீர்கள். வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

இந்த விஷயத்தை நம்மவர்க்கு நினைப்பூட்ட அதிகம் பிரயாசைப்பட வேண்டியதில்லை. 2021-ஆம் வருஷம் சித்திரை வைகாசியில் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தபோது, பிராணவாயு என்ற சொல்லை அறியாத குழந்தையும் இந்த ஜில்லாவில் இல்லை. ஆக்ஸிஜன் படுக்கை எங்கே உண்டு என்று இரவெல்லாம் டெலிபோனில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இச்சபையிலும் பலர் இருக்கிறீர்கள். கேட்டுக் கிடைத்தவர் சிலர், கிடைக்காதவர் சிலர். அவ்வீடுகளின் துக்கத்தைக் கிளறுவது என் நோக்கமன்று.

அவ்வாயு நமக்கு எங்கிருந்து வந்தது என்பதை யோசித்தால் ஆச்சரியமாயிருக்கும். திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியிலுள்ள மகேந்திரகிரியில், இஸ்ரோ ஸ்தாபனத்தார் ராக்கெட் யந்திரங்களைப் பரீட்சிப்பதற்காகத் திரவப் பிராணவாயுவைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி குளிரில் தண்ணீர்போல் நிற்கும் வஸ்து அது. ஆகாயத்துக்குப் போகவேண்டிய அப்பொருள் 2021-ல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்காக இறங்கி வந்தது. தூத்துக்குடியிலோ, 2018 மே 22-ஆம் தேதி துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 உயிர்கள் போனபின் மூடப்பட்ட ஸ்டெர்லைட் செம்பாலையின் பிராணவாயுப் பகுதியை மட்டும் திறக்கலாமென்று 2021 ஏப்ரல் 27-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் உத்தரவிட்டார்கள். அந்த ஆலையைப் பற்றி இந்த ஜில்லாவாசிகளின் மனத்தில் இருப்பது எல்லாரும் அறிந்ததே. மூச்சுக்கு முன்னால் எவ்வளவு கடினமான காரியங்களையும் மனிதர் யோசிக்க நேரிடுகிறதென்பதற்காகவே இதை எடுத்துச் சொன்னேன்.

ஒரு சிறு கணக்கு. ஒரு டன் திரவப் பிராணவாயு ஆவியானால் சுமார் 7 லட்சம் லிட்டர் வாயுவாகும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் வேண்டிய ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 14,400 லிட்டர் செல்லும். ஆகவே ஒரு டன்னைக் கொண்டு ஏறக்குறைய 50 பேரை ஒரு நாள் காக்கலாம். இக்கணக்கைப் பார்த்தவுடன், வாயு வந்துவிட்டால் போதும், உயிர் நின்றுவிடும் என்றே நம்மவரில் பலர் எண்ணினார்கள்; இன்னும் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மை. குழாயைச் சுவரில் பொருத்துகிறவன் வேறு. அதன் மறுமுனையை மூக்கிலே பொருத்தி, இரவு முழுவதும் பக்கத்தில் விழித்திருந்து, முகத்தையும் நெஞ்சையும் விரலையும் பார்த்துக்கொண்டிருப்பவர் வேறு. இரண்டாமவர் இல்லாவிடில் முதலாமவன் செய்தது பெரும்பாலும் வீணாகும்.

இதற்குச் சரித்திரத்திலிருந்து ஒரு திருஷ்டாந்தம் கூறுகிறேன். 1952-ஆம் வருஷம் டென்மார்க்கு தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொடிதாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலற்றுப்போன நோயாளிகள் ஒரே நாளில் பலர் வந்து சேர்ந்தார்கள். மூச்சு விடுவிக்கும் யந்திரங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவையே இருந்தன. இப்ஸென் என்னும் வைத்தியர், தொண்டையில் துவாரமிட்டுக் குழாய் செருகி, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கியமுக்கிக் காற்றைச் செலுத்தும் முறையைக் காட்டினார். முதலில் பிழைத்தவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. பையை அமுக்குவது யார்? சுமார் 1,500 வைத்திய மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலுமாக, மாதக்கணக்கில் அமுக்கினார்கள். அதற்குமுன் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்த நோயில் அதற்குப்பின் பாதிக்குமேல் பிழைத்தார்கள். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு என்று நாம் சொல்லும் ஏற்பாட்டுக்கு மூலம் அதுவே என்பார்கள். யந்திரம் பிற்பாடு வந்தது. கை முதலில் வந்தது.

நிற்க. இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

மூச்சுக் கஷ்டம் என்பது ஒரே நோயன்று. ஈளை, இரைப்பு, இழுப்பு என்று நாம் சொல்லும் ஆஸ்துமா ஒன்று; குழந்தைகளுக்கு வரும் நிமோனியா ஒன்று; இருதய பலவீனத்தால் நுரையீரலில் நீர் கோத்து வருவது ஒன்று; வருஷக்கணக்காய்ப் புகை குடித்த நெஞ்சு சுருங்கி வருவது ஒன்று. புகை குடிப்பதென்றவுடன் பீடியையும் சுருட்டையும் மட்டும் நினைக்கவேண்டாம். உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கும் ஸ்திரீகள், பங்குனி தொடங்கி ஆடிவரை ஓலையும் மட்டையும் எரியும் அடுப்பின் முன்னே குந்தியிருக்கிறார்கள். அவர்கள் ஆயுளில் ஒரு பீடியும் பற்றவைத்ததில்லை. ஆயினும் ஐம்பது வயதில் நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார்கள். விறகடுப்புப் புகை நுரையீரலை நிரந்தரமாய்க் கெடுக்குமென்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டிருக்கிறது. "அவளுக்கு எப்போதும் சளிதான்" என்று சொல்லிவிட்டு விடுகிறோம். அது சளியன்று. அந்தத் தாய்மாரை ஒருமுறை நெஞ்சு வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சும் குடிசையின் கூரையில் புகை போக ஒரு வழி திறப்பதற்கு ஆகும் செலவு ஒரு நாள் கருப்பட்டி விலைகூட ஆகாது.

நோயாளி மூச்சு வாங்கத் தொடங்கினால் நம் வீடுகளில் நடப்பதென்ன? தெருவே கூடிவிடுகிறது. ஜன்னலை மறைத்துக்கொண்டு பத்துப் பேர். கட்டிலைச் சுற்றி அழுகிறவர் ஐந்து பேர். "படுங்கள், படுங்கள்" என்று அவரை மல்லாக்கப் படுக்கவைப்பார் ஒருவர். இது தவறு. மல்லாந்து படுத்தால் வயிறு மேலே தள்ளி நெஞ்சை அமுக்கும். அவரை நிமிர்த்தி உட்காரவைக்கவேண்டும். முதுகுக்கு மூன்று தலையணை கொடுக்கலாம். முன்னால் ஒரு பெஞ்சோ மேஜையோ வைத்து, அதன்மேல் தலையணையிட்டு, இரு முழங்கைகளையும் ஊன்றி முன்சாய்ந்திருக்கச் செய்தால் தோள் தசைகளும் மூச்சுக்கு உதவிசெய்யும். இரைப்புக்காரர் யாரும் சொல்லாமலே திண்ணையில் கைகளை ஊன்றிக் குனிந்து உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். தேகம் தானே கண்டுபிடித்த வைத்தியம் அது, அதைக் கலைக்காதீர்கள்.

வெளிக்காற்றைப் போலவே நோயாளியின் அறைக்காற்றும் சுத்தமாயிருக்கவேண்டும், ஆனால் அவருக்குக் குளிரக்கூடாது என்பதையே 1859-ல் தாம் எழுதிய தாதிமார் நூலில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் முதல் விதியாக வைத்தார். நூற்றறுபது வருஷமாயிற்று. நம் வீடுகளிலோ காற்று படக்கூடாதென்று ஜன்னலை அடைத்துச் சாம்பிராணி போடுகிறோம்! சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி மூன்றும் இரைப்புக்காரர் அறையை விட்டு வெளியேறவேண்டியவை.

ஓலை விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. பனை நம் பக்கத்துச் செல்வம். மின்சார விசிறி வந்தபின் அதன் ஓலை விசிறியைப் பரணில் போட்டுவிட்டோம். முகத்தில், விசேஷமாகக் கன்னத்திலும் மூக்கருகிலும் குளிர்ந்த காற்று படுமானால், இரத்தத்தில் பிராணவாயு கூடாவிட்டாலும் மூச்சுத்திணறல் என்னும் உணர்ச்சி குறைகிறதென்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். ஆகவே விசிறுகிறவர் வெறும் ஆறுதலுக்காக விசிறவில்லை. விசிறிக்கொண்டே மெதுவாய்ச் சொல்லுங்கள்: மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, வெந்நீரை ஊதி ஆற்றுவதுபோல நெடுக விடும்படி. இழுப்பதைக் காட்டிலும் விடுவது இரண்டு பங்கு நேரம் ஆகவேண்டும். நீங்களும் கூடவே செய்து காட்டினால் அவர் பின்பற்றுவார். பயந்தவன் வேகமாய் மூச்சு விடுவான். வேகமாய் விட்டால் நெஞ்சு காலியாகாது. காலியாகாவிட்டால் மேலும் பயப்படுவான். இந்தச் சக்கரத்தை அறுக்கிறவர் பக்கத்தில் இருப்பவரே.

மூச்சு வாங்குகிறவரிடம் நீண்ட கேள்விகள் கேட்பது கொடுமை. பதில் சொல்ல அவருக்கு மூச்சு வேண்டுமல்லவா? தலையாட்டலில் முடியும்படி கேட்கவேண்டும். அவர் கைக்கு எட்ட ஒரு மணியோ தட்டுவதற்கு ஒரு டம்ளரோ வையுங்கள்.

இனி எண்ணுவதைக் குறித்துச் சொல்கிறேன். தாதித் தொழிலில் எனக்கு முதலில் கற்பித்ததும் இதுவே. கடைசிவரை உதவியதும் இதுவே. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெஞ்சு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிஷம் எண்ணவேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவது சோம்பேறிக் கணக்கு. வயதுவந்தோர் நிம்மதியாயிருக்கையில் 12 முதல் 20 வரை விடுவார்கள். 25-ஐத் தாண்டினால் வைத்தியருக்குச் சொல்லியனுப்பவேண்டும். குழந்தை விஷயத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தார் வகுத்த அளவை ஒவ்வொரு தாயும் சமையலறைச் சுவரில் எழுதிவைக்கலாம்: இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இருமலோ சளியோ உள்ள குழந்தை அழாமல் அமைதியாயிருக்கும்போது இந்த எண்ணிக்கையை எட்டினால் அது நிமோனியாவாயிருக்கலாம். மூச்சை இழுக்கையில் விலாவின் கீழ்ப்பாகம் உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க மாட்டாமற் போனாலும் பொழுது விடியக் காத்திருக்கக் கூடாது. மாந்தம் என்றும் சீர் என்றும் சொல்லி வயிற்றிலும் மார்பிலும் சூடு போடுவது இன்னும் சில கிராமங்களில் அற்றுப்போகவில்லை. அந்தத் தழும்புள்ள மார்புகளை யான் ஆஸ்பத்திரியில் துடைத்திருக்கிறேன். அதற்குமேல் அதைப்பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

வேது பிடிப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். கொரோனாக் காலத்தில் பகலிரவாக வேது பிடித்தவர்கள் உண்டு. சளியடைத்த மூக்குக்கு அது சற்று இதம் தரும். நுரையீரல் நோயைத் தீர்க்காது. கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் போர்வையைப் போட்டுக் குழந்தையை உட்காரவைத்துத் தொடை வெந்துபோன கதைகள் எத்தனையோ!

விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரை இப்போது பல வீடுகளில் காணலாம். இதன் தத்துவத்தை 1974-ல் ஜப்பான் தேசத்து அயோயாகி என்பவர் கண்டுபிடித்தார். கொரோனாவால் உலகம் முழுவதும் அக்கருவியைத் தேடிய 2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்திலேயே அவர் காலமானார். சுகதேகிக்கு 95-க்கு மேல் காட்டும். 94-க்குக் கீழே இறங்கினால் வைத்தியரைக் கேட்கவேண்டும். 90-க்குக் கீழானால் வண்டியைக் கூப்பிடவேண்டும். ஆனால் கருவியை நம்பி மனிதரைப் பாராதிருக்கக் கூடாது. விரல் குளிர்ந்திருந்தால், நகச்சாயம் இருந்தால், மருதாணி கறுத்துப் படிந்திருந்தால் எண் தவறும். அன்றியும், கறுப்பு நிறமுடையவர்க்கு இக்கருவி உள்ளதைக் காட்டிலும் அதிகமாய்க் காட்டிவிடக்கூடுமென்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று அங்குள்ள கறுப்பினத்தாரிடம் கண்டறிந்தது. நம் நிறத்தை நாம் அறிவோமாகையால், 93-ஐப் பார்த்து "இன்னும் பரவாயில்லை" என்று சமாதானம் அடைய வேண்டாம். உதடும் நாக்கும் நீலம் பாரித்தல், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமை, கழுத்துத் தசை கயிறுபோல் நிற்றல் இவற்றுள் ஒன்றிருந்தாலும் எண்ணைப் பாராமலே 108 வண்டியை அழையுங்கள்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது ஓர் அடையாளம் உண்டு. இரவெல்லாம் திணறிக்கொண்டிருந்தவர் விடியற்காலையில் அமைதியாய்க் கண்ணயர்கிறார். வீட்டார், "அப்பாடா, தூங்குகிறார்" என்று தாங்களும் சாய்கிறார்கள். அவர் எழுப்பினால் எழுந்து சரியாகப் பேசுகிறாரா என்று பாருங்கள். பேச்சுக் குழறினாலோ, எழுப்பியவுடன் மறுபடி சொக்கினாலோ, அது தூக்கமன்று. வெளியேறவேண்டிய கரியமிலவாயு இரத்தத்தில் நிரம்பி மூளையை மயக்குகிறது. இந்த மயக்கத்தை இளைப்பாறுதலென்று எண்ணியதால் போன உயிர்கள் எத்தனை என்று சொல்லமுடியாது.

இந்தக் கரியமிலவாயு விஷயத்தோடு சேர்ந்ததே பிராணவாயுவின் அளவு. வெகுகாலப் புகையாலோ பீடியாலோ நுரையீரல் கெட்டவர்களுக்குப் பிராணவாயு மிகுதியானால் கரியமிலவாயு தேங்கும். அவர்களுக்கு விரற்கருவியில் 88 முதல் 92 வரை நிற்பதே உசிதமென்று வைத்தியர் வகுத்திருக்கிறார்கள். மகனோ மருமகளோ அன்பின் மிகுதியால், "99 வரட்டும்" என்று திருகைத் திருப்பி இரண்டு லிட்டரை எட்டு லிட்டராக்குவதை யான் பலமுறை கண்டு கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன். பிராணவாயு காற்றன்று, மருந்து, மருந்துக்கு அளவுண்டு. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் குறைமாதச் சிசுக்களுக்குத் தாராளமாய்ப் பிராணவாயு கொடுத்ததனாலேயே ஆயிரக்கணக்கான குழந்தைகள் கண்ணிழந்தன. கொடுத்தவர்கள் யாவரும் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள்.

வைத்தியர் வீட்டிலேயே பிராணவாயு வைத்துக்கொள்ளச் சொன்னால் கவனிக்கவேண்டியவை சில. சிறிய பி வகைச் சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும். பெரிய டி வகையில் 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் சிறிய சிலிண்டர் பன்னிரண்டரை மணி நேரம் வரும்; 10 லிட்டரானால் இரண்டரை மணிக்குள் தீர்ந்துவிடும். திருச்செந்தூரிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். வழியில் ரயில்வே கேட்டும் திருவிழாக் கூட்டமும் உண்டு. புறப்படுமுன் இந்த வகுத்தற் கணக்கைப் போட்டுக்கொள்ளாதவர் நடுவழியில் தவிப்பார்.

மூக்குக் குழாயை நிமிஷத்துக்கு 6 லிட்டருக்கு மேல் ஓட்டலாகாது. முகமூடியோடு பை இணைத்திருந்தால் அந்தப் பை எப்போதும் உப்பியே இருக்கவேண்டும். சப்பிக் கிடந்தால் வாயு போதவில்லை என்று அர்த்தம். ஈரமாக்கும் புட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது; வடித்த நீரை ஊற்றித் தினமும் மாற்றவேண்டும். குழாய் உராயும் காதின் பின்புறம் புண்ணாகும். அங்கே பஞ்சு வைத்து நாளுக்கிருமுறை பார்க்கவேண்டும். உலர்ந்த மூக்குக்கு வாஸலினோ தைலமோ பூசாதீர்கள். எண்ணெய்ப் பசைக்கும் பிராணவாயுவுக்கும் பகை. சிலிண்டர் திருகு இறுகியிருக்கிறதென்று அதற்கு எண்ணெய் விடுவது வெடிக்குச் சமானம். பிராணவாயு தானே எரியாது. எரிவதை நூறு மடங்கு மூர்க்கமாக்கும். திருஷ்டி கழிக்கச் சூடம் கொளுத்தி நோயாளியின் முகத்துக்கு நேரே சுற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. குழாய் ஓடும் கட்டிலருகே அதைச் செய்யாதீர்கள். வாசலில் சுற்றுங்கள், பலன் குறையாது.

இன்னொரு காரியம் சொல்லத் தயங்குகிறேன். ஆயினும் சொல்லாமல் விடுவது தருமமன்று. மூச்சுத் திணறும் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு, இது கடைசிதான் என்று நாமே தீர்மானித்து, வாயில் பாலூற்றுகிறோம். மூச்சுக்கும் விழுங்கலுக்கும் தொண்டையில் வழி ஒன்றே. வேகமாய் மூச்சிழுக்கும்போது ஊற்றிய பால் வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். தேறியிருக்கக்கூடியவரையும் அந்த அரைச் சங்குப் பால் முடித்துவிடலாம். மெய்யாகவே இறுதிக்காலமென்று வைத்தியர் கூறியிருந்தாலும், நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்தால் போதும். திணறலைத் தணிக்கச் சிறிய அளவில் மார்பின் போன்ற மருந்துகளும் வைத்தியரிடம் உண்டு, கேட்கலாம். மூச்சுவாங்குகிறவர்க்கு ஆகாரம் கொடுப்பதானாலும் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூன் ஸ்பூனாக, இடையிடையே நிறுத்திக் கொடுக்கவேண்டும்.

நம் ஊருக்கே உரிய விஷயம் ஒன்று. ஐப்பசி மழையும் வாடையும் தொடங்கும்போதுதான் இரைப்பு அதிகமாகிறது. அப்போதே கந்தசஷ்டியும் வருகிறது. ஆறுநாள் உபவாசமிருக்கும் பக்தர்களில் சிலர், விரதம் கெடுமென்று உறிஞ்சும் மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். இன்ஹேலர் ஆகாரமன்று, அது வயிற்றுக்குப் போகவேண்டிய பொருளுமன்று. தினசரி எடுக்கவேண்டியதை நிறுத்திவிட்டுச் சூரசம்ஹாரக் கூட்டத்தில் கடற்கரை மணலில் நிற்பது பெரும் அபாயம். மடியில் விபூதிப்பையோடு அந்தச் சிறு கருவியும் இருக்கட்டும். மருந்து நன்றாய் நெஞ்சுக்குச் செல்ல ஸ்பேஸர் என்னும் குப்பியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஸ்டீராய்டு சேர்ந்த மருந்தானால் உறிஞ்சியபின் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். இல்லாவிடில் வாயில் வெள்ளை படரும்.

இதுவரை சொன்னவை வீட்டார் செய்யக்கூடியவை. இதற்குமேல் தேர்ந்த தாதிமார் வேண்டும். அவர்கள் செய்வது இன்னதென்று நம்மவர் அறியாமையால் ஒரே ஓர் உதாரணம் தருகிறேன். நுரையீரல் மிகவும் கெட்டு யந்திரத்தில் கிடப்போரை நாளின் பெரும்பகுதி குப்புறக் கிடத்துவதால் பயனுண்டா என்று 466 நோயாளிகளிடம் பரீட்சித்து 2013-ல் பிரெஞ்சு வைத்தியர்கள் முடிவை வெளியிட்டார்கள். மல்லாந்து கிடந்தவர்களில் 28 நாளைக்குள் இறந்தவர் நூற்றுக்கு 33 பேர். குப்புறக் கிடத்தப்பட்டவர்களில் 16 பேர். புது மருந்தில்லை, புது யந்திரமில்லை. தொண்டைக்குழாய் நழுவாமல், கண் அமுங்காமல், மூச்சற்ற ஒரு தேகத்தை நாலைந்து பேர் சேர்ந்து ஒரே தாளத்தில் புரட்டுவதே வைத்தியம். 2021-ல் நம் ஆஸ்பத்திரிகளிலும், கவச உடுப்புக்குள் வியர்வை ஆறாய் ஓட, தாதிமார் அதைச் செய்தார்கள். சளியை உறிஞ்சியெடுக்கும் குழாயைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் உள்ளே வைக்கக்கூடாது. வைத்தால் மூச்சையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அந்தப் பத்து விநாடியைக் கையே அறியவேண்டும். அது புஸ்தகத்தில் வராது.

இப்படிப்பட்ட தொழிலை நம் சமூகத்தார் எப்படி மதிக்கிறார்கள்? மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-லேயே தாதிமார்க்குக் கல்வி தொடங்கிவிட்டது. வேலூரில் 1909-ல் தாதிப் பள்ளியும், 1946-ல் பட்டப்படிப்பும் ஏற்பட்டன. திருநெல்வேலியில் 1965-லும் தூத்துக்குடியில் 2000-த்திலும் அரசாங்க மெடிக்கல் காலேஜுகள் வந்தன. நம் வீட்டுப் பெண்ணோ "நர்ஸ் வேலைக்குப் படிக்கிறேன்" என்றால் பெரியவர்கள் முகத்தைத் திருப்புகிறார்கள். இராத்திரி வேலை, அந்நியர் தேகத்தைத் தொடும் வேலை, மலஜலம் எடுக்கும் வேலை என்கிறார்கள். வரன் பார்க்க வந்தவர்கள், "பெண் ஆஸ்பத்திரியிலா இருக்கிறாள்?" என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துபோனதை யானும் அனுபவித்திருக்கிறேன். அவர்கள் யாரென்பது இங்கே வேண்டாம். டாக்டர் மாப்பிள்ளைக்குச் சீர் கொடுக்கத் தயங்காதவர்கள், அந்த டாக்டர் வீட்டுக்குப் போனபின் இரவு பன்னிரண்டு மணிக்குத் தம் தகப்பனாரின் மூச்சை எண்ணுகிறவள் யாருடைய மகள் என்று கேட்பதில்லை. அவள் யாரோ ஒருவருடைய மகள். நம் மகளாய் இருக்கவேண்டாமென்பது மட்டும் நம் கட்சி. ஆண்பிள்ளைகளும் இத்தொழிலில் இப்போது நிறையச் சேருகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நோயாளியைத் தூக்கிப் புரட்ட அவர்கள் புஜபலம் நன்றாய் உதவுகிறது.

ஆகவே காரியக்கமிட்டியாரிடம் எனக்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. படிப்பு நிதியிலிருந்து இஞ்சினீரிங் மாணவர்க்குக் கொடுக்கும் உபகாரச் சம்பளத்தைத் தாதிக் கல்வி பயிலும் மாணவியர்க்கும் மாணவர்க்கும் சமமாய்க் கொடுக்கவேண்டும். 2021-ல் நம் அங்கத்தினர் கைப்பொருளைத் திரட்டி வாங்கிய பிராணவாயுச் செறிவூட்டும் யந்திரங்கள் மாடியறையில் துணி போர்த்தி நிற்கின்றன. அவற்றைக் கீழே இறக்கவேண்டும். அறைக்காற்றில் நூற்றுக்கு 21 பங்கே பிராணவாயு. அந்த யந்திரம் நைட்ரஜனைப் பிரித்துத் தள்ளி 90 பங்குக்கு மேலாக்கித் தருகிறது. ஆனால் வடிகட்டியைக் கழுவாமல் மூன்று வருஷம் மூடிவைத்தால் அது என்ன தருமென்று யாரும் உறுதி சொல்லமுடியாது. பழுதுபார்த்து, சுத்தம் அளந்து, வைத்தியர் சீட்டுடன் வரும் குடும்பங்களுக்கு இரவல் கொடுக்கலாம். கொடுக்கும்போது அவ்வீட்டில் ஒருவருக்கு அரைமணி நேரம் கற்பித்தே கொடுக்கவேண்டும். கற்பிக்கும் வேலையை யான் ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலை 4 மணிக்கு இம்மண்டபத்தில் இருப்பேன்.

அக்கிராசனர் அனுமதியுடன் அந்த யந்திரங்களுள் ஒன்றை இப்போதே பின்கட்டில் மின்சாரத்தில் இணைத்து வைத்திருக்கிறோம். காலிச் சிலிண்டர் ஒன்றும், மூக்குக் குழாயும், முகமூடியும், விரற்கருவியும் பக்கத்து மேஜையில் இருக்கின்றன. வீட்டில் இரைப்புக்காரர் உள்ளவர்கள் முதலில் வரலாம். மூச்சை எண்ணிப் பழக ஒரு நிமிஷக் கடிகாரமும் உண்டு. ஒருவரையொருவர் எண்ணிப் பாருங்கள். எண்ணப்படுகிறோமென்று தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடுமாதலால், நாடி பார்ப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டே எண்ணவேண்டும். நகச்சாயம் இட்டிருக்கும் பெண்கள் ஒரு விரலிலாவது அதைத் துடைத்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.